டுரியான் சூடு

மேலே எந்த நிழலில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறீர்களோ, என் தங்க அப்பாவே,

உங்களுக்குத் தெரியாமல் நான் எதையும் செய்ததில்லை. இதை மட்டும் ஐந்து வாரமாகச் சொல்லாமல் இருந்துவிட்டேன். வேலை மாறிவிட்டேன், அப்பா. பள்ளிக்கூடத்தைப் பூட்டியதும் கேன்டீனையும் பூட்டிவிட்டார்கள். இப்போது சிம்பாங் அம்பாட் சூப்பர்மார்க்கெட்டில் நிற்கிறேன். உள்ளே இல்லை, வாசலில்.

நீங்கள் போன மறுவருஷமே ஒரு நோய் வந்தது. கொரோனா என்று பேர். மூச்சிலே ஒட்டிக்கொண்டு வருகிறது. உங்கள் அடக்கத்துக்கு மாதாகோயில் கொள்ளாமல் ஆட்கள் வந்து வெளியே குடை பிடித்து நின்றார்கள். இன்றைக்குச் செத்தால் பெற்ற பிள்ளைகூடப் பக்கத்தில் போக முடியாது. அந்த விஷயத்தில் நீங்கள் கொடுத்துவைத்தவர்.

என் கையில் ஒரு துப்பாக்கி கொடுத்திருக்கிறார்கள். சிரிக்காதீர்கள், சூடு பார்க்கிற துப்பாக்கி. நெற்றிக்கு நேராகப் பிடித்து அழுத்தினால் எண் தெரியும். உடம்புச் சூட்டுக்கு இங்கே எல்லாரும் மலாயில் சுஹு என்றுதான் சொல்கிறார்கள். முப்பத்தேழரையைத் தாண்டினால் உள்ளே விடக் கூடாது. பேர், போன் நம்பர், சுஹு மூன்றையும் நோட்டில் எழுத வேண்டும். முதல் நாள் தூரம் தெரியாமல் ஒரு சீனத் தாத்தாவின் மூக்கிலேயே இடித்துவிட்டேன். பாவம், அவர்தான் என்னிடம் சாரி சொன்னார்.

எனக்கு என்ன ஆனாலும் பரவாயில்லை, அப்பா. பயமெல்லாம் அம்மாவை நினைத்துத்தான். இன்னும் வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் சென்டருக்குப் போய் ரத்தம் கழுவிக்கொண்டுதான் இருக்கிறார். "இந்த மாதிரி உடம்புக்கு அது வந்தா தாங்காதும்மா, நீதான் பார்த்து இருக்கணும்" என்று நர்ஸ் என் முகத்துக்கு நேராகவே சொன்னாள். அப்புறம் ஏன் இந்த வேலைக்குப் போனாய் என்று கேட்பீர்கள். வேறு எங்கே ஆள் எடுத்தார்கள், சொல்லுங்கள்?

வேலை முடிந்து வந்தால் வீட்டுக்குள் நுழையமாட்டேன். பின்பக்கக் குழாயில் குளித்து, சட்டையைச் சோப்புத் தண்ணீரில் அமுக்கிவிட்டுத்தான் உள்ளே போவேன். அம்மா ஒரு தும்மல் போட்டால் ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அதுவேதான். "மிளகாய் வறுத்தா தும்மாம என்ன செய்வாங்க? போடி பைத்தியம்" என்று அம்மா திட்டுவார். அந்தத் திட்டு வந்தால்தான் எனக்கு மூச்சு வரும்.

இப்படியெல்லாம் பார்த்துப் பார்த்து இருந்தவள்தான், போன வாரம் புத்தி கெட்டுப்போனேன்.

முனியாண்டி மாமா வந்தார். எஸ்டேட்டில் உங்களோடு பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டி, நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி ஒன்பது நாளும் நாற்காலியிலேயே தூங்கின அதே மாமா. மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டு, "அட, நம்ம செல்வி! துப்பாக்கியெல்லாம் வெச்சிருக்க, போலீஸ்ல சேந்துட்டியா?" என்றார். நெற்றியில் பிடித்தேன். முப்பத்தெட்டு புள்ளி ஒன்று.

"மாமா, சுஹு ஜாஸ்தியா இருக்கு."

"அது டுரியான் சூடுலா ம்மா. நேத்து நம்ம மரத்துல ஏழு பழம் விழுந்துச்சு. விடுவேனா? உடம்பு கொதிக்குது."

வேறு யார் சொல்லியிருந்தாலும் சிரித்துத் திருப்பி அனுப்பியிருப்பேன். ஆனால் டுரியான் சூடு என்றால் நமக்குத் தெரியாதா? பழம் தின்ற கையோடு, சூடு தணிய அதே தோலில் தண்ணீர் ஊற்றி, எஸ்டேட் பிள்ளைகள் எங்களையெல்லாம் வரிசையில் நிறுத்திக் குடிக்கவைத்தவர் நீங்கள்தானே? பத்து நிமிஷம் நிழலில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள், மறுபடியும் பார்க்கிறேன் என்றேன். அப்படிச் செய்ய எங்களுக்கு அனுமதி உண்டு.

திரும்பி வந்தபோது முன்மயிர் ஈரம், சட்டைக் காலர் ஈரம். டிராலி கழுவுகிற குழாயில் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்திருக்கிறார். அப்பா, நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் துப்பாக்கியைப் பிடித்தேன். முப்பத்தேழு புள்ளி ஒன்று. நோட்டில் எழுதி உள்ளே விட்டேன். உங்கள் பெட்டியைத் தோளில் தூக்கின மனுஷனை எப்படிப் போங்கள் என்று சொல்வது? முகதாட்சண்யம், அப்பா. நம் குடும்பத்து வியாதி.

போகும்போது எனக்கு ஒரு டின் சோயாப்பால் வாங்கிவந்து கொடுத்தார். "வெயில்ல நிக்கிற புள்ள, குடி." நானும் மாஸ்க்கைக் கழற்றி அவர் பக்கத்திலேயே நின்று குடித்தேன். உங்களைப் பற்றித்தான் பேசினோம். இரண்டு தடவை இருமினார்.

ஐந்தாம் நாள் அவர் மகள் போன் செய்தாள். மாமாவுக்குப் பாசிட்டிவ். மூச்சு விட முடியாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். "அக்கா, அப்பா உங்க கடைக்கு வந்தாரா?" என்று கேட்டாள். நாள்களை எண்ணிப் பார்த்தேன். அதற்குள் அம்மா இரண்டு தடவை சென்டருக்குப் போய்வந்திருந்தார். அடுத்த படுக்கையில் ஒரு மலாய்க்கார அண்ணன், அந்தப் பக்கம் ஒரு சீனப் பாட்டி. எல்லாரும் அம்மா மாதிரி ஊசியோடு படுத்திருப்பவர்கள்.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பொய் சொல்லமாட்டேன் உங்களிடம், நினைத்தேன். பிறகு எல்லாரும் காக், அதாவது அக்கா, என்று கூப்பிடுகிற சூப்பர்வைசர் ரோஸிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டுவார் என்று பார்த்தால் திட்டவில்லை. இரண்டடி பின்னால் நகர்ந்தார். அவ்வளவு நல்ல பெண்மணி என்னைப் பார்த்துப் பயந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. சென்டருக்கும் நானே போன் செய்து சொன்னேன். அம்மாவை இனி டவுன் பெரிய ஆஸ்பத்திரியில் தனி அறையில் வைத்து ரத்தம் கழுவுவார்களாம், முடிவு தெரிகிற வரைக்கும். எங்கள் இருவருக்கும் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்திருக்கிறார்கள். நாளைக்குத் தெரியும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

நான் முன்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறேன். அம்மா சோற்றை ஸ்டூலில் வைத்துவிட்டுத் தட்டிவிட்டுப் போவார். தொண்டை கரகரப்பாக இருக்கிற மாதிரி எனக்குத் தோன்றுகிறது. நிஜமா, பயமா, தெரியவில்லை.

இவ்வளவுகூட எழுதியிருக்கமாட்டேன். இன்றைக்குக் காலையில் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று அம்மா சொன்னார்: "செல்வி, விடியக்காலம் உங்கப்பா வந்தாரு. வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு நம்ம வாசல்ல நிக்கிறாரு. கெளம்பலாமா புள்ளன்னு கேட்டாரு. இன்னும் தலைக்கு ஊத்தல, செத்த இருங்கன்னு சொன்னேன்." குரலில் அவ்வளவு சந்தோஷம், அப்பா. அம்மா அந்தப் பக்கம் போனதும் பேனாவை எடுத்தேன்.

உயிரோடு இருந்தபோது உங்களை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது பேசுகிறேன். வராதீர்கள். கனவில்கூட வராதீர்கள். உங்களுக்கு அங்கே தனியாக இருக்கும், எனக்குத் தெரியும். எனக்கும் இங்கே அம்மாவை விட்டால் யார் இருக்கிறார்கள்?

தெரிந்த முகம் என்று ஒரு தடவை வழி விட்டுவிட்டேன். இனிமேல் விடமாட்டேன், இது சத்தியம். அம்மாவைக் கூட்டிப்போக நீங்களே வந்து நின்றாலும் சரி, அப்பா, உள்ளே விடமாட்டேன்.

உங்களை வாசலிலேயே நிறுத்திவைக்கப்போகும்
உங்கள் ஒரே மகள்,
செல்வி