உன் மூக்கை நம்பியிருந்த வீடு

என் பையன் ஆர்டர் செய்த பொட்டலம் இன்று காலை வந்தது. உள்ளே உலர்ந்த லாவெண்டர் பூ. சாம்பலும் ஊதாவும் கலந்த சின்னச் சின்ன மணிகள். வழக்கம்போல ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் கசக்கி, மூக்கருகே கொண்டுபோனேன். ஒன்றுமில்லை. தவிட்டைக் கசக்கியது போலிருந்தது. தவிட்டுக்குக்கூட ஒரு வாசனை உண்டு என்று ஞாபகம்.

புதுப் பூதானா, பழசைத் தலையில் கட்டிவிட்டார்களா என்று கேட்க ஆளில்லை. நீ இருந்தால் பொட்டலத்தைப் பிரிக்கும் முன்பே சொல்லியிருப்பாய்.

போய்ச் சேர்ந்தவர்களுக்கு மடல் எழுதுவது எனக்குப் பிடிக்காத காரியம். சொல்ல வேண்டியதை முகத்துக்கு நேரே, உயிரோடிருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்பவள் நான். நீ என்னைவிட மோசம். ஆனால் இப்போது சொல்லப்போவது நீ போன பிறகு நடந்தது. கேட்டுவிட்டு என்னைத் திட்டக்கூடியவள் நீ ஒருத்திதான் என்பதால் எழுதுகிறேன்.

நம் பழக்கம் தொடங்கியதே ஒரு வாடையில்தான். ராயபுரத்தில், கான்வென்டில், ஆறாம் வகுப்பு. உன் அப்பா கருவாட்டு மண்டி வைத்திருந்தார். மகள் இங்கிலீஷ் பேச வேண்டும் என்று கொண்டுவந்து சேர்த்தார். நீ உட்கார்ந்த பெஞ்சில் மற்றப் பிள்ளைகள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, கடைசியில் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. மரியாதையான வீட்டுப் பிள்ளைகள் அல்லவா! நான் இடைவேளையில் உன்னிடம் வந்து, "உன் ரிப்பன்ல கருவாட்டு வாசனை வருது. மண்டியில காயப்போடாதே, மாடியில போடு" என்றேன். அழுவாய் என்று நினைத்தேன். நீ என்னை ஏற இறங்கப் பார்த்தாய்.

"இத்த சொல்றதுக்கு ஒங்களுக்கெல்லாம் இத்தினி நாளா?" என்றாய்.

மறுநாள் வந்ததும் ரிப்பனை அவிழ்த்து என் மூக்குக்கு நேரே நீட்டினாய். போய்விட்டது என்றேன். என் பக்கத்தில் உட்கார்ந்தாய். அதற்குப் பிறகு நீ எழுந்திருக்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். எனக்கு 'மதரு' என்று பெயர் வைத்ததும் அப்போதுதான். கன்னியாஸ்திரீகளைவிட நான் கறார் என்று உனக்கு எண்ணம்.

கல்யாணம் ஆகி இருவரும் திருவொற்றியூருக்கே வந்தோம், அடுத்தடுத்த தெருவுக்கு. உன் வீட்டுக்காரருக்கு விசைப்படகில் பங்கு. என் வீட்டுக்காரர் ஆலை ஒன்றில் கணக்குப் பிரிவு. இந்தப் பக்கத்தில் ஒரு வீட்டை வாடையில்லாமல் வைத்திருப்பது என்ன பாடு என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. கிழக்கிலிருந்து உப்பும் ஓதமும். மேற்குக் காற்று திரும்பினால் ஆலைகளின் மூச்சு. நடுவே இரவு பகலாகக் கன்டெய்னர் லாரிகள். துவைத்த துணியைக் கொடியிலிருந்து எடுத்தால் வெள்ளைச் சட்டையில் கரித்தூள். நான் விடவில்லை. ஃபினாயில், அந்துருண்டை, ஊதுவத்தி, டப்பாவில் அடைத்த ஸ்பிரே, எல்லாம் வைத்திருந்தேன். என் வீட்டுக்குள் வருகிறவர்கள் ஊரை வாசலில் விட்டுவிட்டு வர வேண்டும் என்பது என் சட்டம்.

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு நீ தினமும் வரத் தொடங்கினாய். ஆனால் உள்ளே கால் வைத்ததும் உன் ஆஸ்துமா கிளம்பி மூச்சு இழுக்கும். கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாய்.

"மதரு, இது வூடா ஆஸ்பத்திரியா? மார்ல கல்ல வச்ச மாரி அடைக்குது. உன் சுத்தம் என்னை கொன்னுடும்டி."

அன்றைக்கே எல்லா டப்பாவையும் குப்பையில் போட்டேன். வேறென்ன செய்வது என்று யோசித்தபோதுதான் நம் கான்வென்ட் தையல் வகுப்பு சிஸ்டரின் பெட்டி நினைவுக்கு வந்தது. நூல்கண்டுகளுக்கு நடுவே அவர் ஒரு குட்டித் துணிப்பை வைத்திருப்பார். பெட்டியைத் திறந்தால் வகுப்பறை முழுவதும் ஒரு குளிர்ந்த வாசனை பரவும். உள்ளே லாவெண்டர் பூ என்றும், தன் அம்மா சீமையிலிருந்து அனுப்புவார் என்றும் சொன்னார். பையனிடம் சொன்னேன். தருவித்துக் கொடுத்தான்.

மல் துணியில் பைகள் தைத்தேன். பீரோவில், செருப்பு அலமாரியில், புத்தகங்களுக்குப் பின்னால், சோபாவுக்கு அடியில் ஒவ்வொன்று. பாத்திரம் தேய்க்கும் தொட்டிக்குக் கீழே ஒரு கிண்ணத்தில் சமையல் சோடாவோடு கலந்த பூ. தரை துடைக்கும் தண்ணீரில் லாவெண்டர் எண்ணெய். வாசனை குறைந்தால் பையை எறியக் கூடாது. இரண்டு கைக்கு நடுவே வைத்துத் தேய்த்தால் பூ மறுபடி பேசும். இதையெல்லாம் நானே பழகித் தெரிந்துகொண்டேன்.

முதல் நாள் நீ வாசற்படியில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தது எனக்கு இப்போதும் தெரிகிறது. பரீட்சை எழுதிவிட்டு நிற்கிற மாதிரி நான் நின்றேன்.

"வெள்ளக்காரன் சோப்பு டப்பா மாரி கீது" என்றாய். பிறகு இன்னொரு முறை இழுத்தாய். "ஆனா மார்ல ஏறி குந்தல. இருக்கட்டும். எண்ணெய மட்டும் ரெண்டு சொட்டுக்கு மேல ஊத்தாத. ஊத்துனா நான் இங்கியே நின்னு பேசிட்டு போய்டுவேன்."

வீட்டின் அளவுகோல் அன்றிலிருந்து உன் மார்புதான்.

பிறகு கொரோனா வந்தது. நான் பிழைத்தேன். என் மூக்கு பிழைக்கவில்லை. நாளாவட்டத்தில் திரும்பும் என்று டாக்டர் சொன்னார். திரும்பவில்லை. பால் பொங்கித் தீய்ந்து பாத்திரம் கறுத்த பிறகுதான் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ருசி போனதில்கூட எனக்கு வருத்தமில்லை. ஆனால் முதுமைக்கு ஒரு வாடை உண்டு. என் மாமியாரின் அறையில் அதை நான் அறிவேன். வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் அது தெரிந்தது. தெரியாதவர் அந்த அறையின் சொந்தக்காரர் மட்டுமே.

என் பயத்தை உன்னிடம் சொன்னேன். நீ ஆறுதல் சொல்லவில்லை. "நான் இன்னாத்துக்கு கீறேன்?" என்றாய். அவ்வளவுதான். மறுநாள் காலை முதல் செருப்பைக் கழற்றும் முன்பு படியில் நின்று, வீட்டை ஒரு மூச்சு இழுத்து, தீர்ப்பு சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருவாய்.

"சிங்க்குக்கு கீழ இன்னாவோ அழுவிகினு கீது. பாரு." பார்த்தால் ஒரு உருளைக்கிழங்கு இருக்கும்.

"இன்னிக்கு பூ மட்டுந்தான். பாஸு."

"மதரு, நேத்து கட்ன பொடவதானே இது? மாத்து. சர்ச்சுக்கு போற ஒடம்பாடி இது?"

எந்த மனுஷியிடமும் நான் இப்படிக் கேட்டுக்கொண்டு நின்றதில்லை. உன்னிடம் நின்றேன். மேற்குக் காற்றில் ஆலை வாடை ஏறிய நாட்களில் போன் அடித்து, "ஜன்னல சாத்து, காஸ் அடிக்குது" என்று இரைத்துக்கொண்டே சொல்வாய். உனக்கே மூச்சு இல்லாதபோது எனக்கு எச்சரிக்கை.

போன மழைக்காலத்தில் நீ போனாய். அதன் பிறகு பேத்தி என் வீட்டுக்கு வருவது நின்றது.

சனிக்கிழமைதோறும் இங்கே வந்து தங்கி, என் கட்டிலில் காலைப் போட்டுக்கொண்டு தூங்குகிற பெண். முதலில் மழை என்றார்கள். பிறகு டியூஷன். பிறகு ஏதோ பிராஜெக்ட். பையனும் மருமகளும் மட்டும் ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். மருமகள் முன்பெல்லாம் சமையலறையில் என்னோடு நிற்பாள். இப்போது வந்ததும் வராததுமாக ஜன்னலோரம் போய்விடுகிறாள். நான் போனில் பையனை நேராகவே கேட்டேன்: "வீட்டுல வாடை வருதா? இல்ல, என் மேலயா? குழந்தை அதனாலதான் வரலையா?"

"சேச்சே! என்னம்மா பேச்சு இது? உங்க வீடு மாதிரி சுத்தமான வீடு எங்க இருக்கு?"

மாடியில் குடியிருக்கும் செல்வியைக் கேட்டேன். நல்ல பெண். "சூப்பரா கமகமன்னு கீதும்மா" என்றாள். கேட்டபோதெல்லாம் அதையே சொன்னாள். ஆனால் காபி கொடுத்தால் படியிலேயே உட்கார்ந்து குடிக்கிறாள். நான் எண்ணெயைக் கூடுதலாக ஊற்றத் தொடங்கினேன். எவ்வளவு என்று எனக்கே தெரியாது. அளவு சொல்லத்தான் நீ இல்லையே.

ஒரு வெள்ளிக்கிழமை மார்க்கெட்டுக்குப் போய் வாளைக் கருவாடு வாங்கிவந்தேன். கொழுத்தது, நன்றாக மணக்கும் என்று கருவாட்டுக்கார அம்மா சத்தியம் செய்து கொடுத்தாள். சோபாவுக்கு அடியில் இருந்த லாவெண்டர் பையை எடுத்துவிட்டு, கருவாட்டை ஒரு தட்டில் திறந்தபடி வைத்தேன். முன்னறையில் இருந்த மற்றப் பைகளையும் எடுத்து டப்பாவில் போட்டு மூடினேன். நீ பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்து, அந்தச் சிரிப்பிலேயே உனக்கு இழுப்பு வந்திருக்கும்.

சனிக்கிழமை செல்வி வந்தாள். வாசலில் கால் வைத்ததும் அவள் முகத்தில் ஏதோ ஓடியது. நான் பார்த்தேன். "வீடு எப்படி இருக்கு செல்வி?" என்றேன்.

"கமகமன்னு கீதும்மா. லாவெண்டருதானே?"

ஞாயிற்றுக்கிழமை பையன் வந்து, சோபாவில், சரியாக அந்தத் தட்டுக்கு மேலேயே உட்கார்ந்தான். சுற்றுமுற்றும் பார்த்தான். கேட்காமலே சொன்னான்: "எப்பவும் போல ஃப்ரெஷ்ஷா இருக்கும்மா." மருமகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, போனில் யாரோடோ பேசுவது போல நின்றாள். போனில் யாரும் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. போகும்போது பையன் என் தோளைப் பிடித்து அழுத்தினான். அந்த அழுத்தலில் இருந்த இரக்கத்தை நான் என்ன செய்ய?

அவனிடம் தட்டை எடுத்துக் காட்டவில்லை. பெற்ற பிள்ளையை அப்படி நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. சாயங்காலம் செல்வியிடம் காட்டினேன். அவள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ, நீங்களே வச்சீங்களா? நான் எலிதான் செத்துகீதுன்னு நெனச்சேம்மா!"

"அப்புறம் ஏன் கமகமன்னு சொன்னே?"

"இன்னாம்மா பண்றது? வயசானவங்க. தனியா கீறீங்க. சொல்லி இன்னா ஆவப்போவுது? மன்சுதான் கஷ்டப்படும்."

"இதுக்கு முன்னால? கருவாடு இல்லாதப்போ? அப்பவும் வாடை இருந்ததா?"

செல்வி தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "அத்த உடுங்கம்மா" என்றாள். பிறகு தேற்றுகிற குரலில், "இனிமே உள்ளத சொல்றேன், சாமி சத்தியமா" என்றாள்.

மறுநாள் காலை வந்தாள். படியில் நின்று, உன்னைப் போலவே மூச்சை இழுத்தாள். "நல்லா கீதும்மா" என்றாள். நல்லாத்தான் இருந்ததோ என்னவோ. எனக்கு எப்படித் தெரியும்? கருவாட்டை வைத்தபோது ஒரு பொய்யைக் கண்டுபிடிக்கப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். அவர்கள் இனிமேல் சொல்லப்போகும் உண்மையையும் சேர்த்துத் தொலைத்துவிட்டேன். பேத்திக்கு டியூஷன் என்பது நிஜமாகவே டியூஷனாக இருக்கலாம். இந்த வீட்டில் யார் எதைச் சொன்னாலும் அது இனி எனக்குச் செய்யப்படும் தர்மம்.

நான் யாரிடமும் தர்மம் வாங்கியதில்லை. உனக்குத் தெரியும்.

நீ ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் வந்திருந்தாய். படி ஏற முடியவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு என்று வாங்கினாய். பேசாதே, உட்கார் என்று நாற்காலியை எடுத்துவந்தேன். உட்கார்ந்துகொண்டு உள்ளறைப் பக்கம் கையைக் காட்டினாய்.

"தலகாணி... எண்ணெய்ச் சிக்கு வாட. வெயில்ல... போடு."

"வேற?" என்றேன்.

"வேற... பரவால்ல, மதரு."

இருந்த கொஞ்ச மூச்சை நீ அதற்குச் செலவு செய்தாய். என் முகத்துக்கு நேரே ஒருவர் கடைசியாகச் சொன்ன உண்மை அதுதான்.

அதனால் தினமும் காலையில் அந்தத் தலையணையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறுகிறேன். முழங்கால் ஒத்துழைப்பதில்லை, நடுப்படியில் சுவரில் சாய்ந்து நிற்க வேண்டியிருக்கிறது. வெயிலில் வைத்து, திருப்பிப் போட்டு, கரித்தூள் படிவதற்குள் தட்டி எடுத்து வருகிறேன். இன்று புதுப் பூ வந்ததால் புதுப் பை ஒன்று தைத்து உறைக்குள் வைத்தேன். முகத்தை அதில் அழுத்திப் பார்த்தேன். பஞ்சின் சூடு தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

"டெய்லியும் இன்னாத்துக்கும்மா அத்த தூக்கினு ஏர்றீங்க? நல்லாத்தானே கீது" என்று செல்வி மாடி வாசலில் நின்று கேட்டாள்.

தலையணையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தேன். நாளைக்கும் ஏறுவேன்.