தரையில் சொட்டாத ஆயில்

என்னங்க,

பிக்கப் வண்டியின் சாவியைத் தேடாதீர்கள், நீங்கள் ஓட்டிவிடாதபடி நான் எடுத்துப் போகிறேன்; வண்டி இங்கேயே நிற்கட்டும்.

“தரையில ஒரு சொட்டு ஆயில் இல்ல, ஒழுகுதுன்னு சொல்ற!” என்று நேற்றுக் கத்தினீர்களே. விடிந்ததும் வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தேன். மற்ற இடத்தில் களிமண் தூள் காய்ந்து உதிர்கிறது. நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸில் மட்டும் அது ஆயிலில் ஊறிப் பிசுபிசுவென்று ஒட்டியிருக்கிறது. ஓடும்போதுதான் கசிகிறது, நின்றால் சொட்டுவதில்லை.

மெக்கானிக் அமானுல்லா அண்ணனுக்குப் போன் போட்டேன். “நல்லவேளை, கியர் போறதுக்குள்ள பாத்துட்டம்மா, ஓட்டைய அடைச்சிடலாம்” என்றார். கழற்றிப் பார்க்கப் பத்து மணிக்கு வருவார். டீ போட்டுக் கொடுங்கள்.

இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. நான் செராமிக் பட்டறை வேலைக்குப் போகிறேன். சாயங்காலம் பேசலாம், கத்தாமல்.

தாஜ்

உங்கள் நீலச் சட்டையையும் தேடாதீர்கள். அதைப் போட்டுக்கொண்டுதான் வண்டிக்கடியில் படுத்தேன்.