குலவீரசிங்கத்தாரின் கதிரை

12.01.2026, திங்கள்

இனி இக்குறிப்பேட்டில் நான் எழுதப்போவதை உலகில் ஒருவரும் நம்பப்போவதில்லை என்று சத்தியம் செய்து தொடங்குகிறேன். நானே மூன்று தரம் வாசித்த பிறகுதான் நம்புவேன்.

முப்பத்தெட்டு வருடம் ஒரு வைத்தியசாலைக் கம்பனியில் உழைத்தவன் நான். லிகிதராக நுழைந்து நிறைவேற்றுப் பணிப்பாளராக உட்கார்ந்திருக்கிறேன். கொழும்பில் பாதிப் பேர் என் கையெழுத்தால் பிறந்தவர்கள். மீதிப் பாதி, என் கையெழுத்துக் கிடைக்காமல் வீட்டுக்குப் போகமுடியாமல் கட்டிலில் கிடந்தவர்கள். ஆனால் என் மகத்தான சாதனை வேறு. ஐம்பத்தாறாவது வயதில், பணிப்பாளர் சபைக் கூட்டத்தின் நடுவில், நோவில்லாமல் ஒரு முழு மனிதரைப் பெற்றெடுத்தேன். பெயர் குலவீரசிங்கம். பிறக்கும்போதே அறுபது வயது, டொரன்டோவில் மூன்று வீடு.

வேறு வழியிருக்கவில்லை. டயலிசிஸ் பகுதியில் நோயாளி உட்காரும் ஒரு கதிரையை ஏழைகளுக்கு இலவசமாக விடுவோம் என்றேன். “கம்பனி தர்மசத்திரமில்லை” என்றார்கள். “கனடாவில் ஒருவர் செலவைப் பொறுப்பெடுக்கிறார்” என்று என் வாய் சொல்லிவிட்டது. அன்று முதல் அவர் என் சம்பளத்தில்தான் தர்மம் செய்கிறார். கொடுப்பவன் நான்தான் என்று சொல்லியிருந்தால், சிறுநீரகம் கல்லுப்போலத் திடமாக இருக்கிற என் சொந்தக்காரரெல்லாம் அந்தக் கதிரையில் ஏறி இருந்திருப்பார்கள்.

ஆறு வருடமாக அதில் இருப்பவர் கொட்டாஞ்சேனைப் பேச்சியம்மா. வாரத்தில் மூன்று நாள், நான்கு மணித்தியாலம். மார்ச் 31 எனக்கு ஓய்வு. சம்பளம் நிற்கும், குலவீரசிங்கமும் நிற்பார். பேச்சியம்மா?

களைப்பாக இருக்கிறது.

20.01, செவ்வாய்

தலைவர் மர்ஸூக் கூப்பிட்டார். “ஆண்டு விழாவுக்கு அந்தக் கனடா மனுசனக் கூப்பிடுவோம். பொன்னாட போத்தோணும்.”

“அவருக்கு விளம்பரம் பிடிக்காது சேர்.”

“ஆருக்குத்தான் பிடிக்காது? என்ன மனுசன் நீங்க! பிளேன் டிக்கட் நான் போடுறன்.”

அவருக்குக் கடவுச்சீட்டு எடுப்பது எப்படி?

21.01, புதன்

என் நாக்கு நாசமாய்ப் போக!

ரூபிகா என் அக்காவின் மகள். எங்கள் விளம்பரப் பிரிவில் வேலை. பத்திரிகைக்குக் குறிப்பு எழுத வந்தாள்.

“மாமா, அவர் எந்த ஊர்?”

யாழ்ப்பாணத்தாரிடம் வயதைச் சொல்லாமல் தப்பலாம், வருத்தத்தைச் சொல்லாமல் தப்பலாம். ஊரைச் சொல்லாமல் செத்தும் தப்பமுடியாது. என் ஊரைச் சொன்னால் அரை மணித்தியாலத்தில் பிடிபடுவேன். ஆகவே வாழ்நாளில் கால்வைத்திராத ஓர் ஊரைச் சொன்னேன். “நாவலடித்துறை.”

“எந்தப் பள்ளிக்கூடம்?”

“அங்கத்தைப் பள்ளிக்கூடம்தான் பிள்ளை. துருவாதை.”

03.02, செவ்வாய்

பத்திரிகையில் வந்துவிட்டது. ‘நாவலடித்துறை ஈன்ற வள்ளல்.’ காலை எட்டு மணிக்குள் பதினேழு தொலைபேசி அழைப்பு. ஒருவர் அவரோடு ஒரே வாங்கில் இருந்து படித்தாராம். இன்னொருவர் அவருக்குச் சைக்கிள் ஓடப் பழக்கினாராம். மூன்றாமவருக்கு, தன்னைக் கலியாணத்துக்குக் கூப்பிடவில்லை என்று இன்னும் கோபம். அவருக்குக் கலியாணம் நடந்ததே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

08.02, ஞாயிறு

குலவீரசிங்கத்தைக் கொன்றுவிடலாமா? — கொன்றால் கதிரையும் போகும்.

10.02, செவ்வாய்

டயலிசிஸ் பகுதிப் பக்கம் போயிருக்கக் கூடாது. பேச்சியம்மா பிடித்துக்கொண்டார்.

“ஐயா, நீங்க வேலைய விட்டுப் போறீங்களாமே. என்னையும் வர வேணாம்னு சொல்லிருவாங்களா?”

“அதெல்லாம் கனடாக்காரர் பார்ப்பார்.”

“அவரு ஒடம்பு சொகமா இருக்காருங்களா?”

“குண்டுக்கல்லு மாதிரி.”

அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். பொய் சொல்லி இப்படிக் களைத்ததில்லை.

22.02, ஞாயிறு

நாவலடித்துறை நலன்புரிச் சங்கம் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் கூடியது. வள்ளலைப் பற்றி நான் பேசவேண்டுமாம். தலைவி இரத்தினம்மா, எண்பத்திரண்டு வயது, ஓய்வுபெற்ற ஆசிரியை. கூட்டம் தொடங்குமுன் அவரை வாசலுக்குக் கூப்பிட்டேன்.

“அக்கா, மன்னிக்கவேணும். அப்பிடியொரு ஆள் இல்லை.”

“ஆர் இல்லை?”

“குலவீரசிங்கம். நான்தான் உண்டாக்கினனான். கதிரைச் செலவு என்ரை. வேலையை விட்டு நான் போனால் அதுவும் போச்சு.”

“விசர்க்கதை கதையாதையும். மூண்டாம் வகுப்பில நான் அவனுக்கு அடிச்சனான்.”

“அக்கா, சத்தியமா—”

“உள்ளுக்கு நாப்பது பேர் இருக்கினம். நாப்பது பேரும் அவனோட படிச்சவை. இப்ப போய் ஆளே இல்லையெண்டால் பக்கத்து ஊர்க்காரர் எங்களைப் பாத்து என்னெண்டு சிரிப்பினம்?”

கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார். குரல் இறங்கியது.

“கதிரை உண்மையோ?”

“உண்மை.”

“அதில இருக்கிற மனுசி?”

“உண்மை.”

“காணும், அது போதும். வாரும் உள்ளுக்கு.”

உள்ளே போய் ஒலிவாங்கியைப் பிடித்தார். “எங்கட ஊர்ப் பிள்ளை தொடங்கின தர்மம். அவனுக்கு இப்ப ஏலாமல் போச்சு. வேற ஊரவை வந்து எடுக்க விடுவமோ?” விடமாட்டோம் என்று மண்டபம் குலுங்கியது; கடற்கரை ரயிலே ஒரு நிமிடம் பயந்து நின்றிருக்கும். கதிரையைச் சங்கம் பொறுப்பெடுத்தது. குலவீரசிங்கத்தார் படுக்கையில் கிடப்பது தனக்குப் போன மாதமே தெரியும் என்றார் பின்வரிசைக்காரர் ஒருவர். இனிப் பிளேன் டிக்கட்டும் தேவையில்லை.

எழுதிக்கொண்டு போன பேச்சை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

31.03, செவ்வாய்

பிரியாவிடை. என் சேவையைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார்கள், குலவீரசிங்கத்தாரின் கொடையைப் பற்றி இருபது நிமிடம். பெற்ற பிள்ளையில் பொறாமைப்பட்ட முதல் தகப்பன் நான்தான்.

07.04, செவ்வாய்

வாசலில் எனக்குப் பார்வையாளர் அட்டை தந்தார்கள். முப்பத்தெட்டு வருடம்! போகட்டும்.

பேச்சியம்மா கதிரையில் இருந்தார். குழாய்களில் இரத்தம் போய் வந்துகொண்டிருந்தது. முன்னால் போய் நின்றேன்.

“ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. டீவி மறைக்குது.”

மேலே எழுதியதெல்லாவற்றையும் நான்கால் பிரித்து, மிஞ்சியதையும் சந்தேகிக்கலாம், எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் இந்தச் சின்னத் துண்டு உண்மை. தள்ளி நின்றேன்.