பெட்ரோல் வாசனை

14 ஜூலை 1974, ஞாயிறு

விமானப் பயிற்சிக் கழகத்தில் எனக்கு வரவேண்டிய தலைமைப் பயிற்சியாளர் பதவியைத் தட்டிப் பறித்தவன் சங்கரபாண்டியன். பல வருடங்களாக நான் அவனோடு பேசுவதில்லை.

இன்று காலை மகளை முதன்முறையாக விமானத்தில் ஏற்றிப் பறக்க இருந்தேன். நேற்று நல்ல மழை. விமானத்தைச் சுற்றிவந்து எல்லாவற்றையும் சரிபார்த்தேன். இறக்கைத் தொட்டியின் அடியிலிருந்து பெட்ரோலைக் கிளாஸில் பிடித்தேன். தண்ணீர் கலந்திருந்தால் இரண்டுக்கும் நடுவே கோடு தெரியும். கோடு இல்லை.

"ஜல்தி வாங்கப்பா!" என்று அவள் உள்ளேயிருந்து கத்தினாள்.

சங்கரபாண்டியன் வந்து, கேட்காமலே கிளாஸை வாங்கி முகர்ந்தான். "மோந்து பாரும் வே. பூராவும் தண்ணில்லா!"

நானும் முகர்ந்தேன். பெட்ரோல் வாசனையே இல்லை. கிளாஸ் முழுவதும் தண்ணீர் என்றால் கோடு எங்கிருந்து வரும்? மேலே போனதும் எஞ்சின் நின்றிருக்கும்.

"புள்ளைய எறக்கி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவும். தொட்டிய நான் பாத்துக்கிடுதேன்."

மகளை இறக்கிக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். சைனிக்புரியில் வீடு வரும்வரை ஆட்டோவில் மகள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே வந்தாள். வரட்டும். இப்போது பக்கத்து அறையில் தூங்குகிறாள்.

பதவி விஷயத்தில் அவனை நான் மன்னிக்கப்போவதில்லை. ஆனாலும் அந்தப் படுபாவி நன்றாக இருக்கட்டும்.