ஆங்கிலேயர் கட்டிய வீடும் எங்கள் கத்தரித் தோட்டத்து வேலியும்

என் அன்புள்ள அப்பாவுக்கு,

ஆழ்ந்த துயரத்துடன் அறியத்தருவது: நீங்கள் தோட்டம் கூட்டும்போது போட்டுவந்த நீல ரப்பர் செருப்பின் இடது கால், கடந்த செவ்வாய்க்கிழமை காலமானது. வலது கால் உயிரோடு இருக்கிறது. இரண்டையும் எறிய அம்மா விடவில்லை.

அடுத்த செய்தி அவ்வளவு சின்னதில்லை. வீட்டுக்காரச் சிஞ்ஞோரா உங்களுக்குப் பின்னாலேயே மேலே வந்துவிட்டா, அங்கே சந்தித்திருப்பீர்கள். அவவின் தங்கை மகன் பெரிய வீட்டை விற்கிறார். நீங்கள் காவலிருந்த வாசலோர வீட்டில் நாங்கள் தொடர்ந்து இருக்கலாமா என்பது வாங்குகிறவர் கையில். வீட்டின் பழைய காணி உறுதிப் பத்திரங்களை, நகர நடுவே பொலிதேயாமாப் பக்கம் ஒரு நொத்தாரிசு கந்தோரில் வாசித்தார்கள். அம்மாவுக்கு மொழிபெயர்க்க நானும் போனேன்.

நீங்கள் சொன்ன கதையேதான். வைன் விற்க வந்த ஆங்கிலேயர் தன் ஊர் மாளிகை மாதிரியே கட்டினார். பலெர்மோ வெயிலுக்கு ஏழு புகைபோக்கி. அவருக்குப் பின் மகள். பிறகு ஒரு சிசிலியப் பிரபு, பிறகு கன்னியர் மடம், பிறகு சிஞ்ஞோராவின் தகப்பன். நீங்கள் சொல்லாத ஒன்று: ஒவ்வோர் உறுதியிலும் தோட்டம் மெலிந்துகொண்டே வருகிறது. மகள் விற்றபோது இருந்த எலுமிச்சைத் தோப்பு, பிரபு விற்றபோது பாதிதான். இது கைமாறியதா, கைவரிசையா? கன்னியர்களைக்கூட நான் விடவில்லை. சந்தேகத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

கடைசியில் நில அளவையாளர் வரைபடத்தை விரித்தார். எங்கள் கத்தரித் தோட்டத்து வேலி, பெரிய வீட்டுக் காணிக்குள் இரண்டு மீற்றர் போய் நிற்கிறதாம். "காவற்காரர் நகர்த்தியிருப்பார்" என்றார் மெதுவாக. வாங்க வந்தவர் அம்மாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

"என்னவாம்?" என்றா அம்மா.

"அப்பா வேலியை அரக்கிப்போட்டாராம்."

"ஆர், என்ரை மனுசனோ? மன்னாரிலை சொந்தத் தமையன் வேலியை அரக்கினதுக்கே வாய் திறவாமல் எழும்பி வந்த மனுசன். சொல்லடா உவருக்கு!"

"அதை இத்தாலியனிலை எப்பிடியம்மா சொல்லுறது?"

"கத்திச் சொல்லு, விளங்கும்."

எழும்பினேன். "ஆங்கிலேயர் காலத்திலிருந்து எல்லாரும் இந்தக் காணியைக் கரைத்திருக்கிறார்கள். காவற்காரர் மட்டும்தான் கள்ளனா? உங்கள் வரைபடமே பொய்!" என்றேன். அளவையாளரின் காது சிவந்தது. வருகிற திங்கட்கிழமை மறுபடி அளப்பதாக முடிவானது.

போன ஞாயிறு பூசை முடிய எல்லாரும் என் முதுகில் தட்டினார்கள். "தகப்பன்ரை மானத்தைக் காப்பாத்திப்போட்டான்" என்றார்கள். நானும் மூன்று பேருக்கு மூன்று விதமாக, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டியே சொன்னேன்.

அப்பா, அரக்கினது யார் என்று உங்களுக்குத் தெரியும்தானே?

போன வருசம், நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம். வேலிக்கு அந்தப் பக்கம் நெஸ்போலா என்கிற மஞ்சள் பழ மரம் பழுத்துக் கொட்டியது. மரத்தை இந்தப் பக்கம் கொண்டுவர முடியாது, வேலியை அந்தப் பக்கம் கொண்டுபோகலாம். இரண்டு நாளைக்கு ஒரு வேலிக் கட்டையாகப் பிடுங்கி அந்தப் பக்கம் நட்டேன். பகிடிக்குத்தான். நீங்கள் திரும்பி வந்து வேலியைப் பார்த்தீர்கள், பிறகு என்னைப் பார்த்தீர்கள். "சுகம் வரட்டும், ரெண்டு பேருமாத் திருப்பி நடுவம்" என்றீர்கள். சுகம் வரவில்லை. அம்மாவிடம் ஏன் நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை?

இந்தக் கடிதம் உங்கள் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு, இந்த ஞாயிறு கோயில் மலரில் வரும். அம்மாதான் முதல் ஆளாக வாசிப்பா. திங்கட்கிழமை, அளக்கிற நாடாவை விரிக்க முன்னமே, வாங்குகிறவர் நிற்கிறபோதே அளவையாளரிடம் சொல்லுவேன். அவருடைய வரைபடம் சரி. என் அப்பாவும் சரி. இடையில் நின்றவன்தான் பிழை. பிறகு கட்டைகளைத் திருப்பி நடுவேன். சத்தியமாக, அப்பா.

இப்படிக்கு,
எல்லாரையும் சந்தேகப்பட்டு, தன்னை மட்டும் விட்டுவிட்ட
உங்கள் மகன்