திவாகர் கையால் வாங்கிய விருது

என் பிரியமான ஆரோக்கியம் அண்ணாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு வாழ்நாள் சாதனையாளர் விருது கொடுத்தார்கள். முப்பது வருஷத்துக்கும் மேலாகத் தொலைக்காட்சிக்குச் செய்தி சேகரித்ததற்காக. மர்பி டவுன் தமிழ்ப் பெண்ணுக்கு, கன்னட சேனலில். நீங்கள் இருந்திருந்தால் முன்வரிசைக்கு வந்திருக்க மாட்டீர்கள். பின்னால் கேமராக்காரர்களோடு நின்று, என் முகத்தில் லைட் சரியாக விழவில்லை என்று யாரையாவது திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

விருதைக் கொடுத்தது யார் தெரியுமா? திவாகர். நம் பழைய செய்திப் பிரிவுத் தலைவன், உங்களை வேலையை விட்டுத் துரத்தியவன். இப்போது விருதுக் குழுவுக்கே தலைவர். அழைப்பிதழில் அவன் பெயரைப் பார்த்ததும் என் மகள், "வேணாம்னு சொல்லிடும்மா" என்றாள்.

"இல்ல. அவன் கையாலதான் வாங்கணும்" என்றேன்.

உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் இதை மற்றவர்களும் படிப்பார்கள், அதனால் சொல்கிறேன்.

மைசூர் ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் தீப்பிடித்த காலை. ஃபயர் வண்டி வருவதற்கு முன்பே நாம் போய்விட்டோம். நீங்கள் நேரே பின்பக்கம் ஓடினீர்கள். இரும்புக் கதவு, வெளியே சங்கிலி, பூட்டு. உள்ளேயிருந்து பெண்கள் தட்டுகிற சத்தம். கேமராவைத் தரையில் வைத்துவிட்டுக் கல்லை எடுத்தீர்கள். கேமரா அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பூட்டை நீங்கள் உடைத்ததெல்லாம் அதில் பதிவானது. சிலரை வெளியே இழுத்துவிட்டோம். சிலரை முடியவில்லை.

அந்த டேப் ஒளிபரப்பாகவே இல்லை. மறுநாள் அதைக் காணோம். கதவு திறந்துதான் இருந்தது என்று ஃபேக்டரி முதலாளி சொன்னார். டேப்பை அவரிடம் விற்றது நீங்கள்தான் என்று திவாகர் ஆபீஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னான். திருடன் என்று பெயர் வந்த பிறகு உங்கள் சாட்சியை யார் கேட்பார்கள்?

"கேமராவ வெச்சிட்டுக் கிளம்பு, ஆரோக்கியம்" என்றான். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன்.

எனக்குத் தெரியும் அண்ணா. டேப் லைப்ரரி ரிஜிஸ்டரில், அன்று மத்தியானம் அந்த டேப்பை எடுத்துப் போனதற்குத் திவாகரின் கையெழுத்து இருந்தது. திருப்பிக் கொடுத்ததற்கு ஒன்றும் இல்லை. அவன் அந்தப் பக்கத்தைக் கிழிப்பதற்குள் நான் கிழித்தேன். கிழித்து என்ன செய்தேன்? பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தேன். மகளுக்கு அப்போது இரண்டு வயது, வீட்டில் என் சம்பளம் மட்டும்தான். இதெல்லாம் ஒரு காரணமா? அன்றைக்குக் காரணமாகத்தான் பட்டது.

எந்தச் சேனலும் உங்களைச் சேர்க்கவில்லை. ஆஸ்டின் டவுனில் கல்யாண வீடியோ எடுத்தீர்கள். ஒரு ஞானஸ்நான விருந்தில் கேமராவைப் பிடித்தபடியே சரிந்தீர்கள். அடக்கத்துக்குத் திவாகர் மாலை அனுப்பியிருந்தான். அதைக் கொண்டுபோய்க் குப்பைத்தொட்டியில் போட்டது நான்தான். இவன் அவமானப்படும்போது ஹால் நிறைய ஆள் இருக்க வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிறைய ஆள். நேரடி ஒளிபரப்பு வேறு. மைசூர் பேட்டாத் தலைப்பாகையை வைத்து, சால்வை போர்த்தி, திவாகர் விருதைக் கையில் கொடுத்தான். "கங்கிராட்ஸ் செல்வி, யூ டிசர்வ் இட்" என்றான். சிரித்தபடி வாங்கிக்கொண்டேன்.

மைக் முன்னால் உங்கள் பெயரைச் சொன்னேன். பூட்டைச் சொன்னேன். பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். "ஈ சைன் நிம்மதே அல்வா சார்?" இது உங்கள் கையெழுத்துதானே என்று கன்னடத்திலேயே கேட்டேன், ஹாலில் எல்லாருக்கும் புரியட்டும் என்று.

அவன் குரலைத் தாழ்த்தித் தமிழில், "இது அதுக்கான இடம் இல்ல செல்வி" என்றான்.

"ஆரோக்கியண்ணாவ நாலு பேர் முன்னாடிதானே அனுப்பினீங்க? அப்ப இதான் இடம்."

ஒளிபரப்பை உடனே விளம்பரத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆனால் பின்னால் நின்ற கேமராக்காரர்களில் ஒருத்தர்கூடக் கேமராவை இறக்கவில்லை. அத்தனையும் அவன் பக்கம் திரும்பின. மேடைப் படியில் தடுமாறி இறங்கினான், பிடிக்க யாரும் போகவில்லை. பொய் சொல்ல மாட்டேன், இனித்தது. அவர்கள் எடுத்த வீடியோவைத் தினமும் ஒரு தடவையாவது போட்டுப் பார்க்கிறேன்.

ஸ்டெல்லா அண்ணியைக் கூட்டிப்போயிருந்தேன். வெளியே வந்ததும் விருதை அவரிடம் நீட்டி, "இது உங்க வீட்ல இருக்கணும் அண்ணி" என்றேன்.

அவர் வாங்கவில்லை. "அவர் உசுரோட இருக்கும்போது இதச் சொல்லியிருந்தா, தெருவுல நிமிந்து நடந்திருப்பாரே செல்வி" என்றார். பிறகு, "ஆட்டோ புடி, போலாம்" என்றார். இறங்கும்போது என் கையை ஒரு தடவை அழுத்தினார். மன்னித்துவிட்டார் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை.

நேற்று திவாகரிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டுமாம், இல்லாவிட்டால் மானநஷ்ட வழக்காம். போடட்டும். அதற்காகத்தான் காத்திருக்கிறேன். கூண்டில் ஏறி அந்தக் கையெழுத்துக்கு அவன் பதில் சொல்லட்டும். இத்தனை வருஷம் இதை யார் மறைத்தது என்று என்னையும் கேட்பார்கள். நான்தான் என்று சொல்வேன். அவனை இழுக்கும்போது என் பெயரும் சேர்ந்து விழும், விழட்டும். நீங்கள் திருடன் இல்லை என்று அவன் வாயாலேயே சொல்லவைக்காமல் நான் ஓயமாட்டேன் அண்ணா.

கூடப் பிறக்காத உங்கள் தங்கச்சி,
செல்வி