டிவியில் தெரிந்த உன் முகம்

சாந்தோம்,
வியாழக்கிழமை.

அன்பு மகன் ஆஸ்வினுக்கு, அம்மா எழுதுவது. மாதா தயவில் நானும் அப்பாவும் நலம், புனேயில் நீயும் நலமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். நீ நான்கு தடவை கூப்பிட்டும் நான் போனை எடுக்காதது வேண்டுமென்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை உன் தங்கை லிசாவின் வாலிபால் லீக் டிராஃப்ட், அணிகளுக்கு ஆட்டக்காரிகளைத் தேர்ந்தெடுப்பது, தி.நகர் ஹோட்டலில் நடப்பதாக இருந்ததல்லவா, அப்பா சட்டைகூட இஸ்திரி போட்டு வைத்திருந்தார், சனிக்கிழமை மழையில் அந்தத் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், அவரவர் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் சேர்ந்துகொள்ளச் சொல்லி மெசேஜ் வந்துவிட்டது. மாடி வீட்டு ஷரீஃப்தான் லேப்டாப்பை டிவியில் இணைத்துக் கொடுத்தான். திரையில் அணிக்கு ஒரு கட்டம், முறை வைத்து ஒவ்வொரு பெண்ணாக எடுத்தார்கள். புனே அணியின் கட்டத்தில் கோச்சுக்குப் பக்கத்தில் நீ. “இன்னாக்கா, நம்ம ஆஸ்வின் கீறான்” என்று ஷரீஃப் முதலில் காட்டினான். ஏதோ கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை என்றுதானே சொன்னாய், அணியில் சேர்ந்ததை ஏன் மறைத்தாய், தங்கைக்குச் சிபாரிசு என்று பேச்சு வருமென்றா? கடைசிச் சுற்றில் உங்கள் முறை, கோச் லிசா பெயரைச் சொல்லி உன்னைத் திரும்பிப் பார்த்தார், நீ வேண்டாமென்று தலையாட்டினாய். வேறு யாரோ ஒரு பெண்ணை எடுத்தார்கள். ஹோட்டலில் நடந்திருந்தால் கோச் மட்டும் வந்திருப்பார், எங்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அப்பா சாப்பிடாமலே படுத்துவிட்டார். பெற்ற பிள்ளையா இப்படி என்று நினைத்துத்தான் உன் போனை எடுக்கவில்லை.

அதைவிடப் பெரிய இடி நேற்றுக் காலை. துணி காயப்போட்டுவிட்டு லிசா சுவரைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்குகிறாள். உட்காரவைத்துக் கேட்டேன். தீபாவளியிலிருந்தே முழங்கால் வீக்கமாம், மாத்திரை போட்டு ஆடினாளாம், உன்னிடம் மட்டும் சொல்லி மாதா மேல் சத்தியம் வாங்கிக்கொண்டாளாம். “அண்ணன் செஞ்சதுதாம்மா சரி, ஆடியிருந்தா காலே போயிருக்கும்” என்கிறாள். ஒரே வீட்டில் இருக்கிற எனக்குத் தெரியவில்லை, புனேயில் இருக்கிற உனக்குத் தெரிந்திருக்கிறது. அடையாறில் டாக்டரிடம் காட்டினோம், தசைநார் கிழிசல், ஆறு மாதம் ஓய்வெடுத்தால் திரும்ப ஆடலாம் என்றார். அப்பாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன், இஸ்திரி போட்ட அந்தச் சட்டையை எடுத்து மடித்து வைத்தார்.

தலையாட்டியதும் நீ கட்டத்தை விட்டு எழுந்து போனாய், திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தாய். வெட்கமில்லாமல் முகம் கழுவிக்கொண்டு வருகிறான் பார் என்று அப்போது திட்டினேன். நீ அழுதிருப்பாய் என்று தோன்றவே இல்லை, மன்னித்துக்கொள்ளடா.

மாதா உன்னைக் காப்பாற்றட்டும். கிறிஸ்துமஸுக்கு டிக்கெட் போடு. இளைத்திருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடு. கடிதம் கிடைத்ததும் கூப்பிடு, முதல் மணியிலேயே எடுப்பேன்.

உன் அம்மா,
ஆலிஸ் மரியதாஸ்